கட்டி எந்த நரம்பினுடையது?

கழுத்தில் கட்டியோடு வருபவர்களின் எம்.ஆர்.ஐ. படங்களைப் படிக்கும்போது, அது என்ன வகைக் கட்டி என்பதைச் சொல்லிவிட்டால் கதிரியல் மருத்துவரின் வேலை முடிந்தது என்றுதான் பணியில் சேர்ந்த முதல் சில ஆண்டுகள் நினைத்திருந்தேன். ‘நரம்பு உறையிலிருந்து எழுந்த கட்டி, பெரும்பாலும் ஷ்வானோமா’ என்று எழுதிக் கையெழுத்திட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவேன். அந்த வழக்கத்தை மாற்றியவர் ஓர் அறுவை மருத்துவர். ஒருநாள் மாலை என் அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு படம் பார்க்கும் அறைக்கே வந்தவர், “ஷ்வானோமா என்று எழுதியிருக்கிறீர்கள், சரி. எந்த நரம்பின் ஷ்வானோமா?” என்று கேட்டார். நோயாளி பள்ளி ஆசிரியை என்றும், பேச்சையே தொழிலாகக் கொண்டவர் என்றும், கட்டியை எடுத்த பிறகு குரல் எப்படி இருக்கும் என்று நாளைக் காலை அவர் கேட்கப்போகிறார் என்றும், அதற்குப் பதில் சொல்ல என் அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை என்றும் சொன்னார்.

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் அதை மறந்திருக்கக்கூடும். இருவரும் உட்கார்ந்து படங்களை மீண்டும் ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்தோம். அன்றிலிருந்து இன்றுவரை, நரம்புக் கட்டியின் படம் எது வந்தாலும் அது என்ன என்பதற்கு அடுத்தபடியாக அது யாருடையது என்ற கேள்வியையும் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கேள்விக்கு அறுவைக்கு முன்பே எந்த அளவுக்குப் பதில் சொல்ல முடியும், எந்த இடத்தில் முடியாமல் போகிறது என்பதைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

முதலில், ஒரு நரம்புக் கட்டி தன் தாய் நரம்பை எப்படி மறைக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஒரு நரம்பு என்பது ஒற்றைக் கம்பியன்று. ஆயிரக்கணக்கான இழைகள் சிறு சிறு கற்றைகளாகக் கட்டப்பட்டு, அந்தக் கற்றைகள் மீண்டும் ஓர் உறைக்குள் அடங்கிய அமைப்பு. அந்த இழைகளைப் போர்த்திக் காக்கும் செல்களுக்கு, 19ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய உடலியலாளர் தியோடார் ஷ்வானின் பெயர் இடப்பட்டிருக்கிறது. அந்தச் செல்களில் ஒன்று கட்டுமீறிப் பெருகும்போது உருவாவதுதான் ஷ்வானோமா. அது பெரும்பாலும் ஏதோ ஒரு கற்றையில் தொடங்கி, மற்றக் கற்றைகளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு, தனக்கென ஓர் உறையுடன் வளர்கிறது. நியூரோஃபைப்ரோமா என்ற மற்றொரு வகையில் நரம்பிழைகள் கட்டியின் ஊடாகவே புகுந்து செல்லும். அதை எடுப்பதென்றால் இழைகளையும் சேர்த்து எடுக்க வேண்டியதாகிவிடும். ஷ்வானோமாவில் அப்படியன்று. இழைகள் பெரும்பாலும் உறையின் மேற்பரப்பில் விரிந்து கிடப்பதால், அவை இல்லாத பக்கமாக உறையைக் கீறி உள்ளிருப்பதை மட்டும் வழித்தெடுத்து நரம்பைக் காப்பாற்ற வழி இருக்கிறது.

ஆனால் சிக்கலும் அதே இடத்தில்தான் தொடங்குகிறது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு நரம்பு, நான்கு சென்டிமீட்டர் கட்டியின் மேல் பிரிந்து படரும்போது, அது படத்தில் தெரியக்கூடிய தடிமனை இழந்துவிடுகிறது. கட்டி எவ்வளவு பெரிதாகிறதோ, அவ்வளவுக்கு அதன் பிறப்பிடம் மங்குகிறது. கட்டியின் நடுப்பகுதியை எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் எந்த நரம்பும் தெரியாது. நரம்பைக் காண முடியாத இடத்தில் அதன் அண்டை அயலாரைத்தான் விசாரிக்க வேண்டும்.

கழுத்தில் இந்த விசாரணை மிகவும் தெளிவாக அமையக்கூடியது. அதனால்தான் நான் எப்போதும் இளம் மருத்துவர்களுக்குக் கழுத்திலிருந்தே தொடங்குகிறேன். மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் கரோட்டிட் தமனியும், மூளையிலிருந்து இரத்தத்தைத் திருப்பி இறக்கும் ஜுகுலர் சிரையும் ஓர் உறைக்குள் அருகருகே ஓடுகின்றன. தமனி உட்பக்கம், சிரை வெளிப்பக்கம். இவை இரண்டுக்கும் இடையில், சற்றுப் பின்தள்ளி, அதே உறைக்குள் ஓடுவது வேகஸ் நரம்பு. குரல்நாண்களை இயக்கும் கிளையும், விழுங்குவதற்கு உதவும் கிளைகளும் இதிலிருந்துதான் பிரிகின்றன. பரிவு நரம்புச் சங்கிலியோ அந்த உறைக்கு வெளியே, அதன் பின்னால், முதுகெலும்பை ஒட்டிய தசைகளின் மேல் படிந்து ஓடுகிறது. கண்மணியை விரிப்பதும், மேலிமையைத் தூக்குவதில் ஒரு சிறு பங்கும், முகத்தின் அந்தப் பக்கத்து வியர்வையும் அதன் பொறுப்பில் உள்ளவை.

இந்த இடஅமைப்பைத் தெரிந்துகொண்டால் மற்றது கணக்குப் போலத் தொடர்கிறது. வேகஸ் நரம்பில் எழும் கட்டி, தமனிக்கும் சிரைக்கும் நடுவில் பிறந்து வளர்வதால், இரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்று விலக்கிவிடுகிறது. தமனி உள்நோக்கி முன்னும், சிரை வெளிநோக்கியும் தள்ளப்பட்டு, நடுவில் கட்டி அமர்ந்திருக்கும். பரிவு நரம்பின் கட்டி பின்னாலிருந்து வளர்வதால், உறையை அப்படியே முன்னுக்குத் தள்ளுகிறது. தமனியும் சிரையும் தம்முள் பிரியாமல், சேர்ந்தே இடம் பெயர்கின்றன. 1996இல் ஜப்பானிய மருத்துவர்கள் இந்த வேறுபாட்டை முறையாக எடுத்துக்காட்டி எழுதினார்கள். அதற்குப் பிறகு உலகமெங்கும் கழுத்துக் கட்டிகளின் படத்தைப் படிப்பவர்கள் முதலில் பார்ப்பது இந்த இரு குழாய்களுக்கும் இடையிலான உறவைத்தான். இரத்தம் வேகமாக ஓடும் குழாய்கள் பல வரிசைப் படங்களில் (ஒவ்வொரு வரிசையும் கருவியின் ஒவ்வோர் அமைப்பில் எடுப்பது) கருவட்டங்களாகத் தெரிவதால், தேடிக் களைக்கவும் வேண்டியதில்லை.

கழுத்தின் கீழ்ப்பகுதியில் மூன்றாவதாக ஒரு சாத்தியம் சேர்கிறது. கைக்கு வரும் நரம்புகளின் பின்னல், முன் ஸ்கேலீன் தசைக்கும் நடு ஸ்கேலீன் தசைக்கும் இடையிலுள்ள இடைவெளி வழியாக வெளிவருகிறது. அந்த இரண்டு தசைகளையும் பிளந்துகொண்டு ஒரு கட்டி இருந்தால், அல்லது அதன் உள்முனை கூம்பி முதுகெலும்பின் துளையை நோக்கிப் போனால், அது கை நரம்புகளில் ஒன்றினுடையது. அப்போது நோயாளியிடம் பேசவேண்டியது குரலைப் பற்றியோ இமையைப் பற்றியோ அல்ல, தோளைத் தூக்குவதையும் விரல்களின் பிடியையும் பற்றி.

இந்த வேறுபாடு ஏன் இவ்வளவு முக்கியம் என்று சிலர் கேட்பதுண்டு. எப்படியும் கட்டியை எடுக்கத்தானே போகிறார்கள் என்பது அவர்கள் நினைப்பு. அப்படி எடுத்தே ஆகவேண்டும் என்பதில்லை. ஷ்வானோமா பெரும்பாலும் தீங்கற்றது, மெதுவாக வளர்வது, பல ஆண்டுகள் கண்காணிப்பிலேயே வைத்திருக்கலாம். வேகஸ் நரம்பு சேதமடைந்தால் குரல் காற்றாகக் கரகரத்துப் போகும். சேதம் மேலே, தலையோட்டின் அடியருகே நடந்திருந்தால் நீர் அருந்தும்போது புரையேறவும் செய்யும். பரிவு நரம்பு சேதமடைந்தால் இமை ஓரிரு மில்லிமீட்டர் தாழும், கண்மணி சுருங்கும். சிலருக்கு ஒவ்வொரு வேளை உணவின் முதல் கவளத்தைக் கடிக்கும்போதும் காதடிச் சுரப்பியில் சுரீரென்று வலி எடுக்கும். ஒரு பாடகருக்கும், நாள் முழுவதும் தொலைபேசியில் பேசும் பணியாளருக்கும் இந்த இரண்டு இழப்புகளும் ஒரே எடையுள்ளவை அல்ல. எதை இழக்க நேரலாம் என்று தெரியாமல், எடுப்பதா காத்திருப்பதா என்று ஒருவர் எப்படி முடிவெடுப்பார்?

அறுவைக் கூடத்தின் ஏற்பாடுகளும் இதைப் பொறுத்து மாறுகின்றன. வேகஸ் நரம்பின் கட்டி என்று முன்பே எதிர்பார்த்தால், மயக்க மருத்துவர் குரல்நாண்களைத் தொட்டிருக்கும் மின்முனைகள் கொண்ட சுவாசக் குழாயைப் பொருத்துவார். தசைகளை நெடுநேரம் தளர்த்தும் மருந்துகளைத் தவிர்ப்பார். அறுவை மருத்துவர் கட்டியின் மேற்பரப்பை மெல்லிய மின்தூண்டியால் தொட்டுத் தொட்டுப் பார்த்து, குரல்நாண் துடிக்கும் இடமெல்லாம் இழை இருக்கிறது என்று குறித்துக்கொண்டு, துடிக்காத பக்கத்தில் உறையைத் திறப்பார். இந்த ஏற்பாடு இல்லாமல் உள்ளே போன பிறகு, “இது வேகஸ்” என்று கண்டுபிடிப்பதில் பயன் குறைவு.

சொன்ன விதி இவ்வளவு அழகாக இருப்பதால்தான் அது ஆபத்தானதும்கூட. இதை நான் ஒரு நோயாளியிடமிருந்து கற்றுக்கொண்டேன். நடுவயதுக்காரர்; தலையோட்டின் அடியை ஒட்டி உயரத்தில் இருந்த கட்டி. கட்டி மிகவும் அகலமாக இருந்த மட்டத்தில் குறுக்கு வெட்டுப் படத்தைப் பார்த்தேன். தமனியும் சிரையும் பிரியாமல் சேர்ந்தே முன்னுக்கு வந்திருந்தன. ‘பரிவு நரம்புச் சங்கிலியிலிருந்து எழுந்தது’ என்று எந்த ஐயமும் சேர்க்காமல் எழுதினேன். அந்த வரியை நம்பி அவரிடம் இமை தாழலாம் என்று சொன்னார்கள். அவரும் அதை ஏற்றுக்கொண்டு படுத்தார். உள்ளே இருந்தது வேகஸ். அறுவைக்குப் பிறகு சில நாட்கள் கழித்து அவரைப் பார்க்கப் போனபோது, மூச்சு மட்டுமே கேட்கும் குரலில், “கண்ணைப் பற்றித்தானே சொன்னார்கள், டாக்டர்?” என்றார். அவர் என்னைக் குற்றம் சாட்டவில்லை. அந்த அறிக்கையை எழுதியவன் நான் என்பதே அவருக்குத் தெரியாது. நான்தான் சொன்னேன்.

அன்று இரவு அந்தப் படங்களை மீண்டும் திறந்தேன். கட்டியின் கீழ்முனையில், அது கூம்பி முடிகிற இடத்தில், சுற்றியிருந்த கொழுப்பின் வெண்மைக்கு நடுவே ஒரு மெல்லிய சாம்பல் நிற இழை இறங்கி, தமனிக்கும் சிரைக்கும் இடையில் போய்ச் சேர்ந்திருந்தது. மூன்று வெட்டுகளில் மட்டும் தெரிந்த இழை. கட்டி தன் நரம்பின் ஒரு பக்கமாகப் பின்னோக்கி வளர்ந்ததால் இரத்தக் குழாய்களைப் பிரிக்காமல் விட்டிருக்கிறது. அதன் வால் மட்டும் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் வாலைப் பார்க்கவில்லை.

அதனால் இப்போது என் வரிசை வேறு. முதலில் கட்டியின் இரண்டு முனைகள். பிறகுதான் அதன் நடு. முனைகளில் நரம்பு இன்னும் தன் இயல்பான உருவத்தில் இருக்கிறது, கட்டிக்குள் நுழைவதும் அதிலிருந்து வெளியேறுவதும் சில வேளைகளில் நேராகவே தெரிகிறது. கட்டி வளரும்போது நரம்பைச் சுற்றியிருந்த கொழுப்பைப் பிரித்துக்கொண்டு வருவதால், முனைகளில் ஒரு வெண்ணிற முக்கோணம் போல அது தங்கிநிற்கும். இழையைத் தேட அதைவிட நல்ல இடம் இல்லை. குறுக்கு வெட்டில் மட்டும் பார்த்தால் இந்த இழை ஒரு புள்ளியாகத் தோன்றித் தோன்றி மறையும். கட்டியின் நீளவாட்டில், அதன் அச்சுக்கு இணையாகச் சாய்த்து எடுத்த வெட்டில் பார்த்தால் அதே புள்ளிகள் ஒரு கோடாக இணைகின்றன. இப்படிச் சாய்த்து எடுப்பதற்கு, படம் எடுக்கும் தொழில்நுட்பர் நோயாளி உள்ளே படுத்திருக்கும்போதே கட்டியைக் கண்டு, வெட்டின் கோணத்தைத் திருத்த வேண்டும். நல்ல அறிக்கையின் பாதி, பெயர் வெளியே வராத அந்தத் தொழில்நுட்பரின் உழைப்பு.

பரிவு நரம்பின் கட்டி வேறொரு விதத்திலும் ஏமாற்றும். கரோட்டிட் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தை ஒட்டி அது வளர்ந்தால், அந்த இரு கிளைகளையும் விரித்துக்கொண்டு, அங்கேயே பிறக்கும் பாராகாங்ளியோமா என்ற இரத்தம் மிகுந்த கட்டியைப் போலத் தோற்றம் தரும். அதைப் பிரித்தறிய, கட்டிக்குள் இரத்த ஓட்டத்தின் கரும்புள்ளிகள் இருக்கின்றனவா என்றும், காடோலினியம் கலந்த கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தியதும் அது எவ்வளவு விரைவாக ஒளிர்கிறது என்றும் பார்க்கிறோம். இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு கத்தியை வைப்பது பேரளவு இரத்த இழப்பில் போய் முடியலாம்.

கழுத்தைவிட நுணுக்கமான இடம் காது. உட்செவிக் குழல் என்று சொல்லப்படும் எலும்புச் சுரங்கம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளமும் அரை சென்டிமீட்டர் அகலமும் உள்ளது. அதற்குள் நான்கு நரம்புகள்: முன்பக்கம் மேலே முகநரம்பு, அதன் கீழே கேட்டல் நரம்பு, பின்பக்கம் மேலும் கீழுமாக இரண்டு சமநிலை நரம்புகள். சுரங்கத்தின் கடைக்கோடியில் கிடையாக ஓர் எலும்பு வரம்பு மேல்தளத்தையும் கீழ்த்தளத்தையும் பிரிக்கிறது. மேல்தளத்தில் முகநரம்புக்கும் மேல் சமநிலை நரம்புக்கும் நடுவில் செங்குத்தாக இன்னொரு சிறு எலும்புத் தட்டு நிற்கிறது. காது அறுவை முன்னோடியான வில்லியம் ஹவுஸின் நினைவாக அதை ‘பில் தட்டு’ என்றே அறுவை மருத்துவர்கள் அழைக்கிறார்கள்.

இந்தச் சுரங்கத்தில் எழும் கட்டியை நெடுங்காலமாக ‘கேட்டல் நரம்பின் நியூரோமா’ என்று அழைத்து வந்தார்கள். அந்தப் பெயரின் இரண்டு பாதிகளும் பிழை. அது எழுவது கேட்டல் நரம்பிலிருந்து அல்ல, சமநிலை நரம்பிலிருந்து; அது நியூரோமாவும் அல்ல, ஷ்வானோமா. 1991இல் அமெரிக்கத் தேசிய உடல்நல நிறுவனங்கள் கூட்டிய கருத்தொருமிப்பு மாநாடு சமநிலை நரம்பு ஷ்வானோமா என்ற பெயரையே பரிந்துரைத்தது. பிறப்பிடத்தைப் பற்றிய பிழை ஒரு நோயின் பெயரிலேயே அத்தனை காலம் உட்கார்ந்திருந்தது என்பது, இந்தக் கேள்வியை எவ்வளவு பிந்தி எடுத்துக்கொண்டோம் என்பதற்குச் சான்று.

1973இல் பால் லாட்டர்பர் காந்த அதிர்வைக் கொண்டு உருவாக்கி வெளியிட்ட முதல் படம், நீர் நிரப்பிய இரண்டு சிறு குழாய்களின் படம். இன்றைக்கும் இந்தக் கருவி அடிப்படையில் நீரைத்தான் பார்க்கிறது. உட்செவிக் குழலில் அதுவே நமக்குத் துணையாகிறது. மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த நீர் அந்தச் சுரங்கத்துக்குள்ளும் புகுந்திருப்பதால், நீரைப் பளிச்சென வெண்மையாகக் காட்டும் வரிசையில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனில் வெட்டுகள் எடுத்தால், வெள்ளை நீரில் நான்கு கருநூல்கள் மிதப்பதைப் போல நரம்புகள் தெரிகின்றன. சுரங்கத்தின் அச்சுக்குச் செங்குத்தாக வெட்டைத் திருப்பினால் நான்கும் நான்கு புள்ளிகளாகத் தத்தம் மூலையில் நிற்கும். கட்டி சில மில்லிமீட்டர் அளவில் இருக்கும்போது, எந்தப் புள்ளி பருத்திருக்கிறது, மற்ற மூன்றும் தனியே இருக்கின்றனவா என்று எண்ணிச் சொல்லிவிடலாம். கட்டி சுரங்கத்தை நிரப்பிவிட்ட பிறகோ நீரும் இல்லை, நூலும் இல்லை. அப்போது கடைக்கோடியில் ஒரு துளி நீராவது எஞ்சியிருக்கிறதா, கட்டியின் நுனி கிடை வரம்புக்கு மேலே நுழைந்திருக்கிறதா கீழே நுழைந்திருக்கிறதா என்று பார்ப்பதே மிஞ்சும்.

மேல் நரம்பா கீழ் நரம்பா என்பதில் என்ன இருக்கிறது? கீழ்ச் சமநிலை நரம்பு கேட்டல் நரம்பின் பக்கத்திலேயே ஓடுவதால், அதில் எழுந்த கட்டியை எடுக்கும்போது கேட்கும் திறனைக் காப்பது கடினம் என்று பல அறுவைக் குழுக்களின் அனுபவம் சொல்கிறது. எல்லாக் குழுக்களின் முடிவுகளும் ஒத்துப்போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மண்டையோட்டை மேலிருந்து திறந்து அணுகும் முறையிலோ காரணம் இன்னும் நேரடியானது: முகநரம்பு மேலே கிடக்க, கீழ் நரம்பின் கட்டி அதற்கு அடியில் இருப்பதால், முகநரம்பைக் கடந்துதான் கட்டியைத் தொட வேண்டியிருக்கும்.

இங்கே படம் மட்டும் பேசுவதில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. காதில் குளிர்ந்த நீரும் வெதுவெதுப்பான நீரும் செலுத்திக் கண்ணசைவைப் பார்க்கும் பரிசோதனை, மேல் சமநிலை நரம்பின் வேலையை அளக்கிறது. காதில் ஒலி கொடுத்துக் கழுத்துத் தசையின் எதிர்வினையைப் பதிவு செய்யும் பரிசோதனை, கீழ் நரம்பின் வேலையை அளக்கிறது. படத்தில் எனக்கு ஐம்பதுக்கு ஐம்பது என்று தோன்றும் கட்டியைப் பற்றி, செவியியல் வல்லுநரின் அந்த இரண்டு தாள்களும் ஒரு பக்கமாகச் சாய்ந்து பேசியதைப் பல முறை பார்த்திருக்கிறேன். செயல் குறைந்த நரம்புதான் கட்டியைப் பெற்ற நரம்பு என்று கட்டாயம் இல்லை. நெருக்கத்தால் அண்டை நரம்பும் நலியலாம். ஆனாலும் படத்தைப் படிப்பவர் அந்தத் தாள்களைக் கேட்டு வாங்கிப் பார்க்காமல் இருப்பதற்குக் காரணமே இல்லை.

இந்தச் சுரங்கத்தில் நான் மிகவும் அஞ்சுவது முகநரம்பின் ஷ்வானோமாவை. சுரங்கத்துக்குள் மட்டும் அடங்கியிருக்கும்போது அது சமநிலை நரம்பின் கட்டியைப் போலவே தோன்றும். முகம் நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும். நோயாளி சொல்வதும் காது மந்தம்தான். சமநிலை நரம்பின் கட்டி என்று நினைத்துத் திறந்து, முகநரம்பே கட்டியாக இருப்பதைக் கண்டால், முழுதாக எடுப்பது நரம்பையே எடுப்பதாகும். வேறோர் நரம்பை வெட்டி ஒட்டினாலும், முகத்தின் இயக்கத்தை அளக்க 1985 முதல் பயன்பாட்டில் உள்ள ஹவுஸ்-பிராக்மன் அளவுகோலில், முதல் படி இயல்பு, ஆறாம் படி முழு முடக்கம் என்ற ஆறு படிகளுள், மூன்றாம் படியைவிட நல்ல நிலைக்கு முகம் திரும்புவது அரிது. கண்ணை மூட முயற்சி வேண்டும்; சிரிப்பு கோணும். ஆகவே சுரங்கத்தின் கட்டி எதைப் பார்த்தாலும், கடைக்கோடியைத் தாண்டி முகநரம்பு செல்லும் குறுகிய எலும்புப் பாதையில் ஒரு வால் நீள்கிறதா, அந்தப் பாதை அகன்றிருக்கிறதா, அதன் முதல் வளைவில் உள்ள நரம்புமுடிச்சு பருத்திருக்கிறதா என்று பார்க்காமல் படத்தை மூடுவதில்லை. கான்ட்ராஸ்ட் கொடுத்த பிறகு அந்த இடத்தில் ஒரு மில்லிமீட்டர் ஒளிக்கீற்று தெரிந்தால், ஒரு மனிதரின் முகம் அதில் தங்கியிருக்கிறது. அப்படித் தெரிந்தவர்களுக்கு, முகம் இயங்கும்வரை கட்டியைத் தொடாமல் காத்திருப்பதும், தேவையானால் சுற்றியுள்ள எலும்பை மட்டும் அகற்றி நெருக்கத்தைத் தளர்த்துவதும் வழிகளாகின்றன.

கட்டியை விட்டுத் தொலைவில் பார்ப்பதும் உதவும். ஒரு நரம்பு நலிந்தால் அது இயக்கும் தசை முதலில் நீர் கோத்து ஒரு வரிசையில் வெண்மையாகும். மாதங்கள் செல்லச் செல்லக் கொழுப்பாக மாறி இன்னொரு வரிசையில் வெண்மையாகும். தலையோட்டு நரம்புகளை எண்ணால் குறிப்பது வழக்கம். நாக்கின் ஒரு பாதி மட்டும் கொழுப்பாக இருந்தால் பன்னிரண்டாம் நரம்பு. மெல்லும் தசைகள் ஒரு பக்கம் மெலிந்திருந்தால் ஐந்தாம் நரம்பின் இயக்கக் கிளை. தோளின் மேல் படர்ந்த தசை சுருங்கியிருந்தால் பதினோராம் நரம்பு. தலையோட்டின் அடியில் ஒன்பது, பத்து, பதினொன்று ஆகிய மூன்று நரம்புகளும் ஒரே துளையின் வழியாக இறங்கும் இடத்தில் எழும் கட்டிகளில், சில வேளைகளில் இந்தத் தசைச் சாட்சியைத் தவிர வேறு சாட்சியே கிடைப்பதில்லை. ஆனால் ஷ்வானோமா நரம்பிழைகளை மெதுவாகத் தள்ளி வளர்வதால், பெரிய கட்டியிலும் தசை முழு நலத்தோடு இருக்கலாம். சாட்சி வராததைக் கொண்டு நரம்பைக் குற்றமற்றதென்று விடுவிக்கக் கூடாது.

கை கால்களில் இந்தக் கேள்வி பெரும்பாலும் எளிது. பெருநரம்பு ஒன்றே ஓடும் இடத்தில் தாய் நரம்பு எது என்பதில் ஐயம் எழுவதில்லை. அங்கே கேட்கவேண்டியது எந்தக் கற்றை என்பதும், மற்றக் கற்றைகள் கட்டியின் எந்தப் பக்கம் தள்ளப்பட்டிருக்கின்றன என்பதும்தான்.

நீர் மூலக்கூறுகள் நரம்பிழையின் நீளவாட்டில் எளிதாகவும் குறுக்குவாட்டில் தடைபட்டும் நகர்வதை அளந்து, அதிலிருந்து இழையின் பாதையை வரைந்து காட்டும் டிராக்டோகிராஃபி முறை 1990களில் உருவான கணக்கீடுகளின் மேல் நிற்கிறது. பெரிய காதுக் கட்டிகளின் மேல் முகநரம்பு எந்தப் பக்கமாகப் படர்ந்து செல்கிறது என்பதை அறுவைக்கு முன் வண்ணக் கோடாகக் காட்ட இன்று அதைப் பயன்படுத்துகிறார்கள். அறுவையில் கண்டதோடு அது ஒத்துப்போகும்போது எனக்குள் எழும் மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. என்றாலும், அந்தக் கோடு நரம்பின் படம் அல்ல. நீரின் அசைவிலிருந்து கணினி செய்த ஊகம். எங்கிருந்து தொடங்கச் சொல்கிறோம், எந்த அளவு வளைவை அனுமதிக்கிறோம் என்பதை மாற்றினால் கோடும் இடம் மாறும். தலையோட்டின் அடியில் எலும்பும் காற்றும் சந்திக்கும் இடங்களில் படமே சற்று நெளிகிறது. வண்ணம் தீட்டிய கோடு, சாம்பல் நிற ஐயத்தைவிட உறுதியானதாகக் கண்ணுக்குத் தோன்றிவிடுகிறது என்பதால், அதை அறுவை மருத்துவரிடம் கொடுக்கும்போது அருகில் நின்று பேசுவதையே வழக்கமாக வைத்திருக்கிறேன்.

அந்த நோயாளியின் குரலைக் கேட்ட பிறகு என் அறிக்கையின் மொழியும் மாறியது. ‘எழுந்தது’ என்று எழுதுவதில்லை. நரம்பு கட்டிக்குள் நுழைவதைக் கண்ணால் கண்டிருந்தால் அப்படியே எழுதுகிறேன். இரத்தக் குழாய்களின் இடப்பெயர்ச்சியிலிருந்து ஊகித்திருந்தால் ஊகம் என்றும், அதற்கு மாறான சான்று இருந்தால் அதையும், இரண்டாவது சாத்தியம் எது என்பதையும் எழுதுகிறேன். அறிக்கை நீளமாகிறது என்று குறைப்பட்டவர்கள் உண்டு. ஆனால் நோயாளியின் எதிரில் உட்கார்ந்து “இது நடக்கலாம், அதுவும் நடக்கலாம்” என்று சொல்லவேண்டியவர்கள் ஒருமுறையும் குறைப்பட்டதில்லை.

ஆசிரியையிடம் திரும்புகிறேன். அன்று மாலை நாங்கள் இருவரும் பார்த்த படத்தில் தமனியும் சிரையும் தெளிவாகப் பிரிந்திருந்தன. மேல்முனையில் ஓர் இழை உள்ளே நுழைவதும் தெரிந்தது. வேகஸ் என்பதில் ஐயம் குறைவு. கட்டியை அழுத்தியபோதெல்லாம் அவருக்கு இருமல் வந்தது என்ற குறிப்பும் மருத்துவச் சீட்டில் இருந்தது. நான் அதைப் படிக்காமலேயே முதல் அறிக்கையை எழுதியிருந்தேன். மறுநாள் அவரிடம் குரலைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லப்பட்டது. அவர் உடனே பதில் சொல்லவில்லை. ஓராண்டு காத்திருந்து, இடையில் இரண்டு முறை படம் எடுத்து, கட்டி வளர்வது உறுதியான பிறகு, கல்வியாண்டு முடியும் மாதத்தைத் தாமே தேர்ந்தெடுத்து வந்து படுத்தார். உறையின் முன்பக்கம் தூண்டியபோது குரல்நாண் துடித்ததால், பின்பக்கமாகத் திறந்து உள்ளிருந்ததை மட்டும் எடுத்தார்கள்.

முதல் சில வாரங்கள் அவர் குரல் கம்மியிருந்தது. பேச்சுப் பயிற்சியாளரிடம் போய்வந்தார். ஆறு மாதம் கழித்துத் தொடர்கண்காணிப்புக்காக மீண்டும் எம்.ஆர்.ஐ. எடுக்க வந்தபோது, உள்ளே போகும் முன் கருவியின் சத்தத்துக்குக் காதடைப்பான் தருவார்களா என்று தொழில்நுட்பரிடம் அவர் கேட்டது கண்ணாடித் தடுப்பைத் தாண்டி எனக்குக் கேட்டது. முன்பைவிடச் சற்றுத் தாழ்ந்த குரல். ஆனால் ஒரு சொல்லும் உடையவில்லை. படத்தில் தமனியும் சிரையும் மீண்டும் அருகருகே வந்திருந்தன. அவற்றின் இடையில், சுருங்கிய உறைக்குக் கீழே, அந்த இழை இறங்கிப் போவதை வெட்டு வெட்டாக மார்பின் வாயில்வரை தொடர்ந்து பார்த்தேன்.